கள்ளக்குறிச்சியில் நேற்றுப் பெய்த மழை

மழை பெய்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எவ்வளவு பெய்தது என்று சொல்ல அந்தக் காலத்துக் கள்ளக்குறிச்சியில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஒரு அரசு அலுவலகத்தின் பின்புறம், கம்பி வேலிக்குள், இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு மழைமானி. மேலே புனல், உள்ளே பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட அளவுக் கிளாஸில் ஊற்றிப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு விழுப்புரத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. சம்பளப் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘அலுவலக உதவியாளர்’ என்று இருக்கும். ஊரில் எனக்குப் பெயர் மழைக்காரர்.

தூறலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பாதி காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள், ‘இதெல்லாம் ஒரு உத்தியோகமா’ என்று சொந்த மாமனார் வாயாலேயே கேட்டவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் ஊர் மழை இரண்டு வகை. ஆடி, ஆவணியில் வருவது மலை மழை. மத்தியானம் வரைக்கும் மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்று மணிக்கு மேல் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை இருந்த இடத்தில் மலை இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்தான் நிற்கும். அரை மணி நேரத்தில் காற்றும் இடியுமாக வந்து கொட்டிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வருவது கடல் மழை. அது கிழக்கேயிருந்து வரும். அதற்கு அவசரமே கிடையாது. மூன்று நாள், நான்கு நாள் ஊரில் தங்கும். வீட்டுச் சுவர் வியர்க்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீப்பெட்டி பிசுபிசுக்கும். இரண்டையும் நான் அளந்திருக்கிறேன். இருபத்தேழு வருஷம் அளந்திருக்கிறேன். அதில் முதல் இருபத்தாறு வருஷம் என் பதிவேட்டில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், மற்ற அலுவலகங்களில் காட்டுவதற்கென்று அதை எடுத்துக்கொண்டே போனார். ஒரு வாரம் கழித்து அட்டையில் டீக்கறையோடு திரும்பி வந்தது. அந்தக் கறையும் நான் போட்டது இல்லை.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் வெறும் பெருமை இல்லை. வயலில் பயிர் மூழ்கிப்போனால், மேலே இருப்பவர்கள் வயலைப் பார்ப்பதற்கு முன்னால் என் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். நான் எழுதுகிற எண் சரியாக இல்லையென்றால் யாரோ ஒருவருடைய ஒரு போகம் போய்விடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேற்றைக்கு மட்டும்

தியாகதுருகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, பைக்குள் கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்துவிட்டு இரண்டாவதை எனக்குக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. உட்காரச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஐப்பசியில் முகூர்த்தம், வாசலில்தான் பந்தல், அவருக்கு ஒரே பெண். அன்றைக்கு மழை வருமா, வராதா? அதை நான் சொல்ல வேண்டும். முடிந்தால் கொஞ்சம் ‘பார்த்துச் செய்ய’ வேண்டும்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு விளக்கினேன். ஐயா, வரப்போகிற மழையைச் சொல்கிறவர்கள் மெட்ராஸில் இருக்கிறார்கள். நான் வந்துபோன மழையை அளக்கிறவன். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரைக்கும்தான் என் அதிகாரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட எனக்குத் தெரியாது. அவர் பொறுமையாகக் கேட்டார். பத்திரிகையை என் மேஜையிலிருந்து எடுத்து, திரும்பவும் பைக்குள் வைத்தார்.

“நேத்து பேஞ்சது எங்களுக்கே தெரியுமேங்க. அத்த சொல்றதுக்கு எதுக்கு உங்களுக்கு சர்க்கார் சம்பளம்?”

தெரு எந்த ஊர்?

மலை மழைக்கு ஒரு குணம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் கொட்டும், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தரை காய்ந்து கிடக்கும். ஒரு ஆவணி மாதம் சாயங்காலம் ஊரின் தென்பக்கம் பேய் மழை. எங்கள் வளாகத்தில் நாலு தூறல். மறுநாள் காலை நான் கிளாஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன். அதற்கு அடுத்த நாள் அது பேப்பரிலும் வந்தது.

பேப்பரும் கையுமாக ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்து நின்றார். அவர் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, அடித்தட்டில் இருந்த லுங்கிக் கட்டெல்லாம் நனைந்துவிட்டதாம். இரண்டு மில்லிமீட்டர் என்று எழுத எனக்கு மனசாட்சி எப்படி இடம் கொடுத்தது என்று கேட்டார். நான் அவரை மானிக்குப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இந்தப் புனலுக்குள் விழுந்தால்தான் அது எனக்கு மழை. உங்கள் கடை வாசலில் விழுந்தது எனக்கு மழை இல்லை. ஊருக்கு ஒரு மானிதான் கொடுத்திருக்கிறார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அவர் புனலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அப்ப எங்க தெரு கள்ளக்குறிச்சியில இல்லீங்களா சார்?”

வெயிலில் பெய்த மழை

ஒரு புரட்டாசி மாதம். பத்து நாளாக ஒரு சொட்டு இல்லை. காலை எட்டரைக்குப் பாட்டிலை எடுத்தால் உள்ளே தண்ணீர். அளந்தேன்: மூன்று மில்லிமீட்டர். வானத்தைப் பார்த்தேன், கண் கூசியது. ஆனால் பாட்டிலில் இருப்பதை எழுதுவதுதான் என் வேலை. எழுதினேன், போனில் சொன்னேன். ‘உளுந்தூர்பேட்டையில் இல்லை, விழுப்புரத்தில் இல்லை, மலையிலும் இல்லை. உங்களுக்கு மட்டும் தனியாகப் பெய்கிறதா?’ என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாள் ஏழு மணிக்கே வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வளாகத்தில் டீ விற்கிற சரோஜாக்கா வந்தார். பின்பக்கக் குழாயில் ஒரு புடவையை அலசினார். சுற்றும் முற்றும் பார்த்தார். மழைமானியின் கம்பி வேலி மேல், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விரித்துப் போட்டார். புடவையின் நடுப்பகுதி சரியாகப் புனலுக்கு மேலே தொங்கியது. சொட்டு, சொட்டு, சொட்டு. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்ததும் அவர் பயப்படுவார் என்று நினைத்தேன்; பயப்படவில்லை. உள்ளே போய்ப் பதிவேட்டை அவர் முன்னாலேயே கொண்டுவந்து பிரித்தேன். பதிவேட்டில் முந்தைய நாள் எண்ணுக்கு நேராக, குறிப்பு என்று இருக்கிற கட்டத்தில், ‘இது மழை அன்று; புடவை’ என்று எழுதினேன். எழுதியதை அடிக்கவில்லை, கவனியுங்கள். இன்றைக்கும் அது அங்கே இருக்கும். சரோஜாக்கா புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஊரே மழைக்கு ஏங்கிக்கினு கெடக்குது. உனுக்கு மட்டும் பேஞ்சிதேன்னு சந்தோசப்படுவியா, சண்டைக்கு வருவியா?”

எட்டரை என்றால் எட்டரை

தீபாவளி எங்கள் ஊரில் பெரும்பாலும் கடல் மழையோடுதான் வரும். பட்டாசு நமுத்துப் போவதைப் பற்றி நீங்கள் அழுதிருப்பீர்கள்; என் துக்கம் வேறு. ஒரு வருஷம் விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தேன். மச்சான் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், குளியலறைக்கு வரிசை. என் முறை வருவதற்குள் மணி எட்டே கால் ஆகிவிட்டது. என் மனைவி ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு போகச் சொன்னாள். ஒரு சொம்பு ஊற்றினாலும் எட்டரை தாண்டிவிடும் என்று, தலையில் எண்ணெய் வழிய, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வழி முழுக்கப் புதுத்துணி போட்ட ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வளாகத்துக்குள் நுழையும்போது மழை அடித்து ஊற்ற ஆரம்பித்தது. குனிந்து, முதுகால் மறைத்து, என் தலை எண்ணெயும் தண்ணீரும் ஒரு சொட்டுகூட விழாமல் பாட்டிலை எடுத்து, ஷெட்டுக்குள் கொண்டுபோய் அளந்தேன். மணி சரியாக எட்டரை. பன்னிரண்டு மில்லிமீட்டர். நான் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தாலும் நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருந்தது. வாட்ச்மேன் கலியமூர்த்தி கேட்டுக்குப் பக்கத்தில் குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சீயக்காவ எடுத்தாந்திருந்தா குளியல இங்கியே முடிச்சிக்கினு போயிருக்கலாமேண்ணே.”

மடியில் வைத்துக்கொண்டு வந்தது

இனிமேல் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஐப்பசி மாதத்தில் நடந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம்.

ஈரக் கை. கிளாஸ் வழுக்கிக் கீழே விழுந்து உடைந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. விழுப்புரத்துக்குப் போன் செய்தால், புதுக் கிளாஸ் வர இருபது நாள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் மழை நிற்குமா? மலை மேல் ஒரு அலுவலகத்தில் பழைய கிளாஸ் ஒன்று சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு, மத்தியான பஸ்ஸில் கிளம்பினேன். மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்தது. ஆண்கள் எல்லாரும் இறங்கிக் கல்லைத் தள்ளிவிட்டு ஏறினோம். பீரோவைத் திறந்து அந்தக் கிளாஸை எடுத்துக் கொடுத்தவர், அது எந்த மானியோடு வந்தது என்று தனக்குத் தெரியாது என்றார். நானும் கேட்டுத் துருவவில்லை. பார்க்க என் கிளாஸ் மாதிரியே இருந்தது. கோடுகள் இருந்தன. எண்கள் இருந்தன. அது போதும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது அதைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும். நான் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிளாஸை நேராக வைப்பேன். பக்கத்து சீட்டில் கடுக்காய் மூட்டையோடு ஒரு மலைக்காரர் இருந்தார். ஏதோ கைக்குழந்தை என்றே முதலில் நினைத்தாராம். அடிவாரம் வந்ததும் துண்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். அவர் முகத்தில் ஏமாற்றம்.

“இத்தினி பத்திரமா கொண்டுபோறீங்களே, இது ஒடஞ்சா மழ நின்னுடுமா?”

நாலு விரல் தண்ணீர்

மறுநாளே பெரிய மழை. ராத்திரி முழுக்க ஓயவில்லை. காலையில் மலைக் கிளாஸில் ஊற்றி அளந்தேன்: முப்பத்தெட்டு மில்லிமீட்டர். தூங்கும்போது கேட்ட சத்தத்துக்கு இது கம்மியாக இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தத்தை வைத்து மழையை எழுத முடியாது என்று அந்த நினைப்பை நானே அடக்கிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வடக்கனந்தல் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி என்று ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருந்தார். அறுக்க ஐந்து நாள் இருக்கும்போது இந்த மழை. கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, முளைவிட ஆரம்பித்துவிட்டது. சேதப் பட்டியல் எழுத வந்தவர்கள் அவருடைய ஊரைச் சேர்க்கவில்லையாம். பக்கத்தில் இருக்கிற மானி எங்களுடையதுதான். அதில் முப்பத்தெட்டு என்று இருக்கிறது. கனமழை என்று பேர் வாங்க அது போதாது. வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் நின்றிருக்கும், மழையால் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்.

அந்தப் பெரிய மழை பெய்த ராத்திரி ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கழுவி, நடு வாசலில் காய வைத்து, எடுத்து வைக்க மறந்துவிட்டாராம். காலையில் அதில் நாலு விரல் தண்ணீர் நின்றதாம். விரலை அடுக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அம்மா, உங்கள் ஊரில் பெய்தது வேறு, இங்கே பெய்தது வேறு. டப்பாவில் கூரைத் தண்ணீர் விழுந்திருக்கும். மழையை அளக்க அரசாங்கம் கிளாஸ் கொடுத்திருக்கிறது, பெயிண்ட் டப்பா கொடுக்கவில்லை என்று ஒரு சின்ன பிரசங்கமே செய்தேன். அவர் எழுந்துகொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“உங்க கிளாசு படிச்ச கிளாசா இருக்கலாம் சார். என் டப்பாவுக்கு ஒண்ணியும் தெரியாது. அது எதுக்கு சார் பொய் சொல்லப்போவுது?”

அடிஸ்கேல்

அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அவர் சொன்னது தப்பு என்று நிரூபித்தே தீருவது என்று, அலுவலகத்தில் காலியாகக் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னைக் கழுவி மானிக்குப் பக்கத்தில் வைத்தேன். கீழிருந்து மேல்வரை நேராக இருக்கிற டின். அதில் நிற்கிற தண்ணீரின் உயரம்தான் மழை அளவு. இது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். கோடு போட்ட கிளாஸ் கைக்கு வந்தபிறகு மறந்துபோன பாடம்.

அன்று ராத்திரி மழை. காலையில் கிளாஸில் இருபத்துநான்கு. டின்னுக்குள் அடிஸ்கேலை விட்டுப் பார்த்தேன்: நாற்பத்தெட்டு. காற்று அடித்திருக்கும் என்றேன். யாரிடம் சொன்னேன்? எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் கிளாஸில் எட்டு, டின்னில் பதினாறு. ஒரு தடவை இரண்டு மடங்கு என்றால் காற்று. இரண்டு தடவையும் சரியாக இரண்டு மடங்கு என்றால் அதற்குப் பேர் காற்று இல்லை. கிளாஸைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தேன். மங்கலாக ஒரு குறி இருந்தது. அது புனல் வாய் பெரிதாக இருக்கிற மானியின் கிளாஸ். பெரிய வாயில் அதே மழைக்குத் தண்ணீர் இரண்டு பங்கு சேரும், அதனால் அந்தக் கிளாஸில் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். எங்களுடையது சின்ன வாய். எங்கள் தண்ணீரை அதில் ஊற்றினால் பாதி மழைதான் காட்டும். ஆறு நாளாக நான் ஊரின் பாதி மழையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட, அந்தப் பெண்மணி முன்னால் சிரித்த சிரிப்புதான் அதிகமாக உறுத்தியது.

தலைமை எழுத்தர் கோதண்டத்திடம் போய்ச் சொன்னேன். என்னோடு இருபது வருஷம் ஒரே அறையில் இருந்தவர், நல்ல மனிதர். கதவைச் சாத்தினார். திருத்தினால் மெமோ வரும், பென்ஷன் தாள் நகராமல் நிற்கும், புதுக் கிளாஸ் வந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று விரல் விட்டுச் சொன்னார். நான் அந்தம்மாவின் நெல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரிட்டயருக்குப் பதினோரு மாசம்தான் இருக்கு. பேஞ்ச மழ எப்பவோ கடலுக்குப் போய்ச் சேந்துடுச்சி. அத்த இன்னா, திரும்பக் கூப்டு அளக்கப்போறியா?”

சிவப்பு மை

திரும்பக் கூப்பிட்டு அளக்கத்தான் செய்தேன். அன்று சாயங்காலம் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷத்துப் பக்கங்கள், ஒரு கீறல் இல்லாமல். பொய் சொல்வானேன், அதை விட்டுவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. பிறகு கோதண்டத்தின் மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். முப்பத்தெட்டை ஒரே கோடாக அடித்து, மேலே எழுபத்தாறு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே மற்ற ஐந்து நாளும் அதேபோல. எழுபத்தாறு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்க்க, என் விரலை அடுக்கி அடிஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

கடிதம் எழுதி, கிளாஸ் மாறிய கதையை ஒளிக்காமல் சொல்லி, டின்னில் அளந்ததையும் சேர்த்து விழுப்புரத்துக்கு அனுப்பினேன். மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். அதில் ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தையை நானே போட்டேன். வேறு யாராவது போட்டால் எனக்குத் தாங்காது. பென்ஷன் தாளும் கோதண்டம் சொன்னபடியே இரண்டு மாதம் எங்கேயோ தூங்கியது. ஆனால் பத்தாம் நாள் வடக்கனந்தல் பக்கம் ஒரு ஜீப் போனது. இறங்கியவர்கள் இந்தத் தடவை வாய்க்காலைப் பார்க்கவில்லை, வயலைப் பார்த்தார்கள். முளைத்த கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். விட்டுப்போன ஊர் பட்டியலில் ஏறியது. ஆரோக்கியமேரியின் ஒரு ஏக்கரும் ஏறியது. அடுத்த போகத்துக்கு அவரால் அந்த நிலத்தைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள முடிந்தது.

கார்த்திகை பிறந்து புதுக் கிளாஸ் வந்தது. இந்தத் தடவை அடிப்பக்கத்தை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதே வாரத்தில் ஆரோக்கியமேரி வந்தார். காலை எட்டரை மணி. நான் வேலிக்குள் அளந்துகொண்டிருந்தேன். முடிகிற வரைக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். கிளாஸ் உடைந்ததையும் மலைக்குப் போய் வேறு கிளாஸ் வாங்கி வந்ததையும் சொன்னேன். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மேலதிகாரிகளிடம்கூட அப்படிக் கேட்டது கிடையாது. அவர் தோளில் இருந்த பையைத் திறந்தார். பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து வேலிக்கு மேலாக நீட்டினார். நீலக் கறை படிந்த பெயிண்ட் டப்பா. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

“இத்த வச்சிக்கங்க சார். இன்னொரு வாட்டி கிளாசு ஒடஞ்சா மலைக்குப் போவாதீங்க.”

இருபத்தேழு வருஷம் கள்ளக்குறிச்சிக்குப் பெய்த மழையை நான் கறுப்பு மையில் எழுதினேன், ஆனால் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வது சிவப்பு மையில் இருக்கிற அந்த ஆறு நாளைப் பற்றித்தான்.